நம்ம ஆளு கடை

வேண்டாம்க்கா. தப்பா எடுத்துக்கிடாதீங்க. பாசமாத்தான் நீட்டுறீங்கன்னு தெரியுது. ஆனா கடலை மிட்டாய் என் கையில படக்கூடாது. எனக்கு ஒண்ணும் செய்யாது, நான் பொறந்து வளந்ததே கோயில்பட்டி. என் மகளுக்குத்தான் ஆகாது. இல்ல, அவ இந்த ரயில்ல இல்ல. கோயம்புத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. அவளைப் பாக்கத்தான் போறேன். இறங்குன உடனே அவ கையைப் பிடிப்பேன்ல. அதான்.

நீங்க சாப்பிடுங்க. நான் ஜன்னல் பக்கம் தள்ளி உக்காந்துக்கிடுறேன். சாப்பிட்டுட்டுக் கையை மட்டும் கழுவிட்டு வந்துட்டீங்கன்னா நல்லாருக்கும். சோப்பு எங்கிட்ட இருக்கு. இந்தாங்க. கோவிச்சுக்கிடாதீங்க.

வந்துட்டீங்களா. உக்காருங்க. நீங்க நல்ல மாதிரி. மத்தவங்களா இருந்தா இந்நேரம், என்னம்மா நீ பெரிய இதுன்னு சத்தம் போட்டுருப்பாங்க.

என் நிலைமை இப்ப சரியில்லக்கா. நேத்து மத்தியானத்துல இருந்து அவ போன் போகல. அடிச்சும் எடுக்காம இருந்தாக்கூட, சரி, கிரவுண்டுல விளையாடிக்கிட்டு இருக்கான்னு மனசைத் தேத்திக்கிடலாம். அணைச்சு வச்சிருக்குன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லிக்கிட்டே இருக்கு. ராத்திரி பூரா திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஹாஸ்டல் வார்டனுக்கு அடிச்சா அவுக ஊருக்குப் போயிட்டாகளாம். எங்க வீட்டுக்காரவுக, சார்ஜ் இல்லாம இருக்கும், பொறுத்துப் பாருன்னாக. என்னால முடியல. விடிஞ்சதும் முகத்தைக் கழுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டேன்.

சுபிக்ஷான்னு பேரு. சுபின்னுதான் கூப்பிடுவோம். ஒரே பிள்ளை.

எங்க வீட்டுக்காரவுக அப்ப கடலை மிட்டாய்க் கம்பெனியிலதான் வேலை பாத்தாக. பாகு பதம் பாக்குறதுல அவுகளுக்குன்னு ஒரு பேரு உண்டு. பிள்ளைக்கு மூணு வயசு இருக்கும். ஒருநாள் வேலை முடிஞ்சு வந்தவுக அப்பிடியே தூக்கிக் கொஞ்சிட்டாக. முத்தம் குடுத்த கன்னம் தடிச்சுப்போச்சு. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிடுச்சு. பூச்சி கடிச்சிருச்சுன்னு நினைச்சு மஞ்சளை அரைச்சுப் போட்டேன். அப்புறம் மூச்சு விசில் மாதிரி வருது. தூக்கிட்டு ஓடுனோம். திருநெல்வேலியில பெரிய டாக்டரம்மாதான் கண்டுபிடிச்சாங்க, நிலக்கடலை ஆகாதுன்னு. கொஞ்சமா சாப்பிட்டா கொஞ்சமா ஆகாதுன்னு கிடையாது. ஒரு துணுக்குப் பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு நிக்கலாம்னாங்க. ஒரு மருந்து ஊசி இருக்கு, எப்பவும் கூடவே இருக்கணும், வந்துட்டா யோசிக்காம தொடையில போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க. எலுமிச்சம்பழத்துல குத்திக் குத்திப் பழகுனேன்.

அவுக மறுநாளே வேலையை விட்டுட்டாக. அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்லக்கா. கோயில்பட்டியில அந்த வேலை தெரிஞ்ச ஆளு அதை விட்டுட்டு லோடு ஆட்டோ ஓட்டுறதுன்னா. ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் வீட்டுல நைட்டி தைக்கிறேன். அப்பிடித்தான் ஓடுது.

எங்க ஊருல எப்பிடியோ சமாளிச்சுட்டேன். எந்த வீட்டுக்கும் விசேஷத்துக்கு அனுப்ப மாட்டேன். ஸ்கூல்ல அவ மட்டும் தனியா உக்காந்துதான் சாப்பிடணும்னு டீச்சர்ட்ட சொல்லி வச்சிருந்தேன். அவளும் சொன்ன பேச்சு கேட்டு இருந்தா. பூப்பந்து வந்துதான் எல்லாம் மாறிப்போச்சு.

நல்லா ஆடுவா. நெட்டு பக்கத்துல நின்னு ஆடுற ஆளு. அவளும் ரஞ்சனின்னு வேற ஸ்கூல்ல படிக்கிற ஒரு பிள்ளையும் ஜோடி. அந்த ரஞ்சனிக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரியவங்க பேசும்போது குறுக்க பேசும். எனக்கு அந்தப் பிள்ளையை முதல்ல இருந்தே பிடிக்கல. சரி, அது கிடக்கட்டும். பத்தாவது படிக்கும்போது மாநில அணியில ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்க. ஆட்டம் குஜராத்துல. ஊரு பேரு என் வாயில வராது. நான் முடியாதுன்னுட்டேன். பிள்ளை ரெண்டு நாள் பேசல. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பேசாம இருந்தா. சரி, நானும் கூட வாரேன், என் கையால பொங்கிப் போடுறேன்னு சொல்லித்தான் அனுப்ப ஒத்துக்கிட்டேன்.

குஜராத்துல என்னக்கா தெரியுமா, கடலை எண்ணெய்தான் எல்லாத்துக்கும். நம்ம ஊருல நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், பாமாயில்னு எதையாவது ஊத்துவாங்க. அங்க அது ஒண்ணுதான். பொரியலுக்கும் அதான், பலகாரத்துக்கும் அதான். வறுத்த கடலையைப் பொடிச்சு வேற தூவுறாங்க. ரயிலை விட்டு இறங்குன உடனே எனக்கு அந்த வாசனை அடிச்சுது. வேற யாருக்கும் அடிக்கல. எனக்கு மட்டும் அடிச்சுது. பிள்ளை வாயில துணியைக் கட்டிவிட்டேன். ரஞ்சனி சிரிச்சா.

ஒரு ஸ்கூல்லதான் தங்க வச்சாங்க. பெஞ்சைத் தள்ளிப் போட்டுட்டுத் தரையில படுக்கை. நான் கரண்டு குக்கர் கொண்டு போயிருந்தேன். அதை மாட்டி சுவிட்சைப் போட்டதும் அந்தக் கட்டடம் பூரா கரண்டு போயிருச்சு. வாட்ச்மேன் வந்து கத்துகத்துன்னு கத்தி குக்கரைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு. போகும்போதுதான் தருவாராம். கூட வந்த பி.டி. டீச்சர், பந்தல்ல எல்லாருக்கும் சாப்பாடு போடுறாங்க, அங்க கேட்டுப் பாப்போம்னாக. போய்ப் பாத்தேன். அண்டாவுக்குப் பின்னாடி எண்ணெய் டின்னு. டின்னு மேல கடலைப் படம். திரும்பி வந்துட்டேன்.

அப்புறம் கடை தேடி அலைஞ்சோம். ஏசி போட்ட ஒரு பெரிய ஹோட்டல்ல தனியா வெண்ணெயில செஞ்சு தாரேன்னாங்க. அங்க உக்காந்து ஒருவேளை சாப்பிட்டா நாங்க ஊருக்குத் திரும்ப முடியாது. சின்னக் கடைதான் நமக்கு. நான் என்ன செய்வேன்னா, யார்ட்டயும் ஒண்ணும் கேக்காம நேரா அடுப்படிக்குப் போயிருவேன். டின்னைப் பாப்பேன். கரண்டியை மோந்து பாப்பேன். அதட்டுவாங்க. ஒரு ஆளு என் கையைப் பிடிச்சு வெளியில கொண்டுவந்து விட்டுட்டான். எனக்கென்ன வெக்கம். பிள்ளை உசிரு பெருசா, வெக்கம் பெருசா. சுபி தெருவுல போய் நின்னுக்கிட்டா. தலையைத் தூக்கவே இல்ல.

ஒரு கடையில ஒரு பொம்பளை சப்பாத்தி போட்டுக்கிட்டு இருந்தா. ரஞ்சனிக்கு ஸ்கூல்ல படிச்ச இந்தி கொஞ்சம் வரும். அவளும் சுபியும் சேந்து அந்தப் பொம்பளைகிட்ட ஏதோ பேசி, தொண்டையைப் பிடிச்சுக் காட்டி, கையை ஆட்டி என்னமோ செஞ்சாளுக. அந்தப் பொம்பளை எந்திரிச்சுப் போயி சோப்புப் போட்டுக் கையைக் கழுவுனா. பரணுல இருந்து வேற ஒரு கல்லை எடுத்துத் தேச்சு அடுப்புல வச்சா. எண்ணெய் இல்லாம சுட்டுத் தருவாளாம், தொட்டுக்கிடத் தயிராம். சுபி, சாப்பிடலாம்மான்னா. எனக்கு மூலையில ஒரு மூட்டை கண்ணுல பட்டுச்சு. கடலை மூட்டை. கட்டித்தான் இருந்துச்சு, அதுக்காக? இழுத்துட்டு வந்துட்டேன். அந்தப் பொம்பளை வாசல் வரைக்கும் வந்து பாத்துக்கிட்டே நின்னா. முன்னப்பின்ன தெரியாதவ, பாஷை தெரியாதவ. அவளை எப்பிடிக்கா நம்ப முடியும்.

வாழைப்பழம், பாக்கெட் பிரெட்டு, தயிரு. அவ்வளவுதான் பிள்ளைக்கு. அதைத் தின்னுட்டு வெயில்ல ஆடுறா. ஜெயிச்சுக்கிட்டும் இருக்காளுக. அரையிறுதி அன்னைக்குக் காலையில எந்திரிக்கும்போதே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. டீச்சருக்குக் கோவம் வந்துருச்சு. பொன்மாரி, நீங்க அலர்ஜியில பிள்ளையைக் காப்பாத்திட்டுப் பட்டினியில கொல்லப் போறீங்கன்னாக. அந்த வார்த்தை எனக்குத் தைச்சுப்போச்சு. படிச்சவுக பேசுற பேச்சா அது.

அன்னைக்கு ஆட்டத்துக்கு முன்னாடிதான் அந்தக் கடையைப் பாத்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னாடி சந்துல. கண்ணாடியில இட்லி, தோசை, வடைன்னு படம் போட்டிருந்துச்சு. கல்லாவுல ஒரு பெரியவர், நெத்தியில திருநீறு. நான் சுபியைப் பாத்து, உள்ள வாட்டின்னு சொன்னதைக் கேட்டுட்டு, எந்த ஊரும்மான்னாரு. தமிழுலக்கா. அத்தனை நாளா அந்த ஊருல டீச்சரையும் பிள்ளைகளையும் தவிர ஒருத்தர் வாயில இருந்தும் நம்ம பேச்சு கேக்கல. கோயில்பட்டின்னேன். சேலம் பக்கம்மா நான், வந்து முப்பது வருசமாச்சு, உக்காருங்கன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அந்தக் கடையில எனக்கு அந்த வாசனையும் அடிக்கல. சாம்பார் வாசனைதான் அடிச்சுது.

உக்காந்தோம். ரஞ்சனியும் கூட வந்திருந்தா. சூடா இட்லி வந்துச்சு. வெள்ளைச் சட்னி, சாம்பார். சுபி கையைக் கழுவிட்டு வந்து, அம்மா, கேளும்மான்னா. என்னத்தடி கேக்கன்னேன். சட்னியில என்ன போட்டுருக்குன்னு கேளும்மா. நான் சொன்னேன், தேங்காய், பொட்டுக்கடலை, வேற என்ன போடுவாங்க சட்னியில, நம்ம ஆளு கடை, அவருகிட்டப் போயி இதைக் கேட்டா என்ன நினைப்பாரு, சாப்பிடுன்னேன். அவ இட்லியைப் பிட்டு வச்சுக்கிட்டு யோசிச்சா. நான்தான் சட்னியில தொட்டு ஊட்டிவிட்டேன். ரெண்டு மூணு வாய் சாப்பிட்டா. பசி.

அம்மா, நாக்கு அரிக்குதுன்னா.

காரமா இருக்கும், தண்ணியைக் குடின்னேன்.

தண்ணி உள்ள போகல. கடைவாயில வழியுது. கழுத்துல திட்டுத்திட்டா செவந்துருச்சு. அம்மான்னு கூப்பிடுறா, குரல் வேற யாரோ கூப்பிடுற மாதிரி வருது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச உடனே என்ன செஞ்சேன்னா, நேரா கல்லாவுக்குப் போயி அந்த ஆளு சட்டையைப் பிடிச்சுட்டேன். என்னய்யா போட்ட, என்னய்யா போட்டன்னு உலுக்குறேன். அவரு, ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மாங்கிறாரு. உள்ள இருந்து சமையல்காரன் எட்டிப் பாத்து என்னமோ சொன்னான். இவரு முகம் செத்துப்போச்சு. அங்க தேங்காய் விலை கட்டுப்படியாகாதாம். பாதிக்குப் பாதி வறுத்த கடலையை அரைச்சு ஊத்துறதாம். எல்லாக் கடையிலயும் அப்பிடித்தானாம். இவருக்கு அது ஒரு விஷயமாவே தோணலயாம். நீங்க சொல்லுங்க, நம்ம ஆளு செய்யுற வேலையா இது. என்ன நம்பிக்கையில போய் உக்காந்தோம்.

நான் திரும்பிப் பாக்கேன், ரஞ்சனி என் கைப்பையைத் தரையில கொட்டி ஊசியை எடுத்துட்டா. மருந்தை ஏத்துறா. சுபியைத் தரையில சாய்ச்சுக் காலை நீட்டிவிட்டு, பேண்ட்டோட சேத்துத் தொடையில குத்திட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பெத்தவ நான் அங்க நிக்கேன். பத்தாவது படிக்கிற பிள்ளை ஊசி போடலாமா. அது வேற எங்கயாவது பட்டிருந்தா? அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு பிறகு கேட்டா, சுபிதானாம். டீம்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கா. எனக்குத் தெரியாம.

ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி பூரா நான் அவ நெஞ்சுல கை வச்சிருந்தேன். ஏறுதா, இறங்குதா, ஏறுதா, இறங்குதா. இன்னைக்கு வரைக்கும் அவ தூங்கும்போது எனக்கு அதுதான் வேலை. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சாங்க, இன்னும் ரெண்டு ஊசி போட்டாங்க. கண்ணைத் திறந்துட்டா. அரையிறுதி அவளுக இல்லாமலே நடந்துச்சு. அந்த டாக்டரு ரஞ்சனியைக் கூப்பிட்டு இந்தியில ஏதோ சொல்லி முதுகுல தட்டிக் குடுத்தாரு. எதுக்குத் தட்டுனாருன்னு எனக்கு விளங்கல. அவ அழுதா. திட்டியிருப்பாரு போல.

அந்தக் கடைக்காரரு அன்னைக்குப் பூரா ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னாரு. பிள்ளை பிழைச்சுருச்சான்னு வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டு. நான் போயி, இனி என் மூஞ்சியில முழிக்காதன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சுபி அவரைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசணும்னா. விடல.

ஊருக்கு வந்ததும் பூப்பந்தை நிப்பாட்டிட்டேன். மட்டையை எடுத்துப் பீரோவுக்கு மேல போட்டேன். ரஞ்சனி போன் நம்பரையும் என் போனுல வராதபடி கடைக்காரப் பையன்கிட்டக் குடுத்துப் பண்ணி வச்சுட்டேன். அந்தப் பிள்ளை சாயங்காலமானா, அத்தை, சுபி எப்பிடி இருக்கான்னு என் போனுக்குத்தான் கூப்பிடும். எதுக்கு இந்தச் சகவாசம். சுபி போட்டதைச் சாப்பிட்டா, படிச்சா, தூங்குனா. வீட்டுல பேச்சே இல்ல. நல்லாத்தான் இருக்கா, பத்திரமா இருக்கான்னு நான் நிம்மதியா இருந்தேன்.

எங்க வீட்டுக்காரவுகதான் கெடுத்தது. என்னைக்கும் பேசாத மனுசன், பன்னெண்டாவது முடிஞ்ச அன்னைக்கு, மட்டையை எடுத்துக் குடு, பிள்ளை போகட்டும்னாக. நான் சண்டை போட்டேன். நீ அதுக்கு மூச்சு நின்ன ஒரு நாளைத்தான பாத்த, நான் வீட்டுக்கு வாற ஒவ்வொரு நாளும் பாக்கேன்னாக. எனக்கு அதுக்கு அர்த்தம் புரியல. அவுக அப்பிடித்தான், திடீர்னு ஏதாவது சொல்லுவாக. பத்தாவதுல மாநில அணியில ஆடுன சர்ட்டிபிகேட்டைப் பாத்துக் கோயம்புத்தூர்ல காலேஜ்ல விளையாட்டு கோட்டாவுல சீட்டு குடுத்துட்டாங்க. ரஞ்சனிக்கும் அதே காலேஜ்தான். அது எப்பிடி அமைஞ்சதோ.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். மூணு வேளையும் சாப்பிடுறதுக்கு முன்னாடி தட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். ஹாஸ்டல் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடக்கூடாது. ஒரு வருசமா அனுப்பிக்கிட்டு இருக்கா. சோறு, பருப்பு, ரசம். நான் பெருசு பண்ணிப் பாத்துட்டுத்தான் என் தட்டுல கையை வைப்பேன். நேத்து காலையில உப்புமா வந்துச்சு. அதோட சரி. மத்தியானம் வரல. ராத்திரி வரல. இன்னைக்கும் வரல. இப்ப அது எங்கயாவது ஒரு ஆஸ்பத்திரியில, பேரு சொல்ல ஆளில்லாம…

இருங்கக்கா. போன் வருது. இது யாரு நம்பருன்னு தெரியல. நீங்க இதைக் கொஞ்சம் அமுக்குங்க. பச்சையை.

ஹலோ. ஆமா, பொன்மாரிதான். யாரு. சுபியா. ஏட்டி, சுபி. மூச்சு நல்லா விடுறியா. குரல் ஏன் கரகரன்னு இருக்கு. தூங்கி எந்திரிச்சியா. எங்க, சும்மா ஒரு தடவை இழுத்து விடு, கேக்கேன். ம். சரி. சரி. நான் அழல. ரயில்ல இருக்கேன். திண்டுக்கல் தாண்டியாச்சு. அங்கதான் வாரேன், வேற எங்க. கோவப்படாத. எத்தனை தடவை? ரஞ்சனி போனுல இருந்தா? அப்பாவுக்கு அடிக்க வேண்டியதுதான. ம். ம். யாரு அந்தக்கா. என்ன கல்லு. ஏன்டி ஒரு வருசமா எங்கிட்ட மறைச்ச. ம். சரி. வை. ஸ்டேஷனுக்கு வா.

நல்லாருக்காக்கா. உசிரோட இருக்கா. கொஞ்சம் தண்ணி குடுங்க.

போன் வாளித் தண்ணியில விழுந்துருச்சாம். ரஞ்சனி போனுல இருந்து நேத்துல இருந்து எனக்கு அடிச்சுக்கிட்டே இருந்தாளாம், போகவே இல்லையாம். எப்பிடிப் போகும். அந்த நம்பரைத்தான் நான் வராம பண்ணிட்டேனே. அப்பாவுக்கு அடிக்க வேண்டியதுதானன்னு கேட்டா, அடிச்சாளாம். இப்ப நான் ரயில் ஏறுன பிறகுதான் லைன் கிடைச்சிருக்கு. அவுகதான் நான் வாரதைச் சொல்லியிருக்காக. இது வேற ஒரு பிள்ளை போனாம்.

அதைவிட இன்னொண்ணு சொன்னாக்கா. எனக்குக் காதுல விழுந்தது சரிதானான்னே தெரியல. இத்தனை நாளா போட்டோவுல வந்ததெல்லாம் ரஞ்சனி தட்டாம். இவ ஹாஸ்டல்ல சாப்பிடுறதே இல்லையாம். அங்க வாரத்துக்கு ரெண்டு நாள் கடலைச் சட்னி அரைக்காங்களாம், அதே கரண்டிதான் எல்லாத்துக்குமாம். போன முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டாளாம். காலேஜ் வாசல்ல தள்ளுவண்டி போட்டிருக்கிற ஒரு அக்காகிட்டப் போயி இவளே பேசியிருக்கா. அந்தக்கா இவளுக்குன்னு தனியா ஒரு தோசைக்கல்லு, தனியா ஒரு எண்ணெய்ப் பாட்டில் வச்சிருக்காங்களாம். வேற யாருக்கும் அந்தக் கல்லுல ஊத்த மாட்டாங்களாம். ஒரு வருசமா மூணு வேளையும் அங்கதானாம். தள்ளுவண்டியிலக்கா. ரோட்டோரத்துல.

இப்ப ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாராளுக. இறங்குனதும் என்னை அங்கதான் கூட்டிட்டுப் போவாளாம், நானும் அங்கதான் சாப்பிடணுமாம்.

ஏன்டி ஒரு வருசமா எங்கிட்ட மறைச்சன்னு கேட்டதுக்கு என்ன சொன்னா தெரியுமா. சொன்னா நீ வந்து அந்தக் கல்லை மோந்து பாப்பம்மா, அந்தக்கா மனசு கஷ்டப்படும், அதான் சொல்லலன்னுட்டா.

மோந்துதான் பாப்பேன். நீங்களே சொல்லுங்க, பாக்காம எப்பிடிக்கா இருக்க முடியும்.